இரண்டு ஹவுசிங்குக்கும் காசு வாங்கிவிட்டு ஒன்றை மட்டும் மாற்றினார்கள்: ஜீப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஜீப்பில் கிரவுன் பினியன் (ஷாஃப்ட்டின் சுற்றைச் சக்கரத்துக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி) மாற்றக் கொடுத்திருப்பவர்கள், வண்டியைக் கடையிலிருந்து எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அந்த ஜோடி உட்காரும் முன் ஹவுசிங்கிலும் பின் ஹவுசிங்கிலும் பல் கணக்கு ஒன்றுதானா என்று உங்கள் கையால் சுற்றிப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நான் பார்க்கவில்லை. போடிமெட்டுக்கு மேலே ஒரு சரிவில், அத்தையையும் ஒன்பது வயது மகளையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அதன் பலனை அனுபவித்தேன்.

என்னுடையது 1994 மாடல் மகிந்திரா ஜீப். அப்பா ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்வர வாங்கியது. அதில் இருந்தது 6.00-16 டயர், உயரம் ஏறத்தாழ 28 அங்குலம். போன வருடம் 31 அங்குல டயர் போட்டேன். அதன் பிறகு, இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த மேட்டுக்கெல்லாம் வண்டி முதல் கியர் கேட்டது. என் வண்டியில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்துக்கு 8 பல், கிரவுன் வீல் என்ற பெரியதற்கு 39 பல், அதாவது 4.88 விகிதம். அதை 8-க்கு 43 என்று, 5.38 ஆக மாற்றினால், டயர் பெரிதானதால் போன இழுவை திரும்பிவிடும். இந்தக் கணக்கில் தவறில்லை. செய்த வேலையில்தான் தவறு.

கோவையில் ஒரு கடையில் விட்டேன். இரண்டு ஹவுசிங்குக்கும் புது செட், புது பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். நான்கு நாளில் முடிந்தது என்றார்கள். பில்லில் "கிரவுன் பினியன் செட் 2, பேரிங் கிட் 2" என்று எழுதியிருந்தது. பழைய சாமானைக் கேட்டபோது ஒரு செட் மட்டும் சாக்கில் கட்டி வந்தது. இன்னொன்று எங்கே என்றேன். "பழைய இரும்புக்காரர் வந்தாரு சார், பசங்க தெரியாம தூக்கிப் போட்டுட்டாங்க" என்றார் கடைக்காரர். அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும்.

நம்பியதற்கு இன்னொரு காரணம் ஸ்பீடோமீட்டர். டயர் மாற்றியதிலிருந்து அது குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்தபோது போனில் காட்டும் வேகமும் அதுவும் ஒத்துப்போயின. சரியாகச் செய்துவிட்டார்கள் என்று மனம் நிறைந்து போனது. ஆனால் ஸ்பீடோ கேபிள் எடுப்பது டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் ஷாஃப்ட்டுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின் ஷாஃப்ட் பக்கத்திலிருந்து. முன் ஹவுசிங்கில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

மூன்று வாரம் சாதாரண ரோட்டில் ஓட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண் பாதையில், நான்கு சக்கரமும் இழுக்கும்படி ஃபோர் வீல் போட்டேன். சேற்றில் ஏறிவிட்டது. மேலே சிமென்ட் போட்ட துண்டுப் பாதை வந்ததும் வண்டி இழுத்துப் பிடித்தது போல நின்று நின்று போனது. ஃபோர் வீல் லீவரை எடுக்கப் பார்த்தால் அசையவில்லை. அடுத்த சில அடியில் அடியிலிருந்து வெடி வெடித்தது போல ஒரு சத்தம். முன் பிரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (மூட்டு) உடைந்து ஷாஃப்ட் கீழே தொங்கி அடித்தது. பிரேக் வேலை செய்தது, அது கடவுள் செயல். மகள் அன்று ஜீப்பில் திரும்பி ஏற மறுத்துவிட்டாள். நடந்தே இறங்கினோம்.

கம்பத்தில் ஜீப் வேலையிலேயே தலை நரைத்த ஒரு பெரியவர் இருக்கிறார். வண்டியை இழுத்துக்கொண்டு போய் அவரிடம் விட்டேன். அவர் எதையும் கழற்றவில்லை, ஒரு சாக்பீஸ்தான் கேட்டார். மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, நியூட்ரலில் விட்டு, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். ஷாஃப்ட்டிலும் டயரிலும் கோடு போட்டு, சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று சுற்றச் சொன்னார் (ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுற்றும்போது, அதன் இரண்டு சுற்றுதான் கிரவுன் வீலுக்கு ஒரு சுற்று). ஷாஃப்ட் ஐந்தேகாலே அரைக்கால் சுற்று வந்தது, அதாவது 5.38. முன்னால் ஹப்பை லாக்கில் போட்டு (சக்கரத்தை அச்சோடு பூட்டி) அதையே செய்தோம். ஐந்து சுற்றுக்கு அரைக்கால் குறைந்தது, அதாவது பழைய 4.88.

"முன்னாடி கையே வைக்கலையேப்பா. இத வச்சுக்கிட்டா புள்ளைய ஏத்திட்டுப் போன?" என்றார்.

ஃபோர் வீல் போட்டால் இந்த ஜீப்பில் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பின் சக்கரம் 100 மீட்டர் போகும் நேரத்தில் என் வண்டியின் முன் சக்கரம் 110 மீட்டர் போகப் பார்த்திருக்கிறது. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். சிமென்ட்டில் வழுக்க முடியாது, எனவே முறுக்கம் முழுவதும் ஷாஃப்ட்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறுகிறது. எது பலவீனமோ அது உடையும்.

புது செட் மாட்டிய பின்பக்க ஹவுசிங்கும் ஒழுங்காக இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஊளைச் சத்தம் வந்தது. கடையில் கேட்டதற்கு, "புதுப் பல் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா அடங்கிடும்" என்றிருந்தார்கள். ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரியாக அமைத்த பல் முதல் நாளே அமைதியாக ஓட வேண்டும், ஊளையிடும் பல் ஓட ஓட அடங்காது என்றார் பெரியவர். மூடியைக் கழற்றி நீலச் சாயம் தடவிச் சுற்றினால், பல்லின் நடுவில் விழ வேண்டிய தடம் ஓரத்தில் விழுந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே 0.15, 0.20 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளி டயல் கேஜில் 0.40 காட்டியது. பினியன் பேரிங் பழையதே. புது பேரிங் போட்டதாக வாங்கிய காசும் பொய்.

கடைக்குப் போன் செய்தேன். முதலில் மறுத்தார். சுற்று எண்ணிய வீடியோவை அனுப்பிய பிறகு வந்த பதில் இது: "நீங்க ஃபோர் வீல் அடிக்கடி போட மாட்டீங்கன்னு நெனச்சோம் சார்." தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். போட்டால் உடையும் என்று தெரிந்தே விட்டிருக்கிறார்கள்.

வேலை கொடுக்கும்போதே, புது செட்டின் பினியனிலும் கிரவுன் வீலிலும் பொறித்திருக்கும் ஜோடி எண்ணையும் பல் எண்ணிக்கையையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டும் முன் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். பழைய செட் இரண்டும் கைக்கு வராமல் வண்டியை எடுக்காதீர்கள். சாக்பீஸ் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். 2019 சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில், வீடியோ, பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் கையில் இருக்கின்றன. நேற்று பெரியவர் முன்பக்க ஹவுசிங்கைப் பிரித்தார். உள்ளே இருந்து வந்த கிரவுன் வீலை மண்ணெண்ணெயில் கழுவி என் மேசை மேல் வைத்திருக்கிறேன். 39 பல். அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.