ஐ.பி.எல். ஒளியா, லேசரா, களிம்பா: மாநிறத் தோலுக்கு எது பொருந்தும்?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என எல்லையோரம் வாழும் தமிழர்கள், முகத்தில் ஏதேனும் சிக்கல் என்றால் பாலக்காட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போகலாம். எந்தப் பக்கம் போனாலும் ஓணத்தையும் ஆவணி முகூர்த்தங்களையும் ஒட்டி வரும் தள்ளுபடி விளம்பரங்களில் ஐ.பி.எல். (Intense Pulsed Light, தீவிரத் துடிப்பொளி) என்ற ஒளிச் சிகிச்சையின் பெயர் தவறாமல் இருக்கிறது. தாடை முடி, மங்கு, வெயில் கறுப்பு, பருவின் தழும்பு எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும் என்பதுபோல எழுதியிருக்கிறார்கள். இவை நான்கும் வெவ்வேறு காரணங்களால் வருபவை என்பதால், ஒவ்வொன்றுக்கும் ஐ.பி.எல்., லேசர், களிம்பு ஆகியவற்றில் எது முந்துகிறது என்று தனித்தனியே பார்ப்பதே முறை.

ஐ.பி.எல். லேசர் அன்று. அது செனான் விளக்கின் பளிச்சிடும் ஒளி. ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீட்டர் வரையிலான பல அலைநீளங்கள் அதில் கலந்து வருகின்றன. வேண்டாத குறுகிய அலைகளை வடிகட்டிக் கண்ணாடி நிறுத்துகிறது. லேசரோ ஒரே அலைநீளத்தில் வருவது: அலெக்சாண்ட்ரைட் 755, டயோடு 800 முதல் 810 வரை, என்டி யாக் 1064. குறிப்பிட்ட நிறப்பொருள் மட்டும் ஒளியை உறிஞ்சிச் சூடாகி அழியும்படி செய்யலாம் என்ற கோட்பாட்டை 1983இல் ஆண்டர்சனும் பாரிஷும் முன்வைத்தார்கள். இந்தக் கருவிகள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. ஆனால் முடியின் வேரில் இருக்கும் மெலனின் என்ற கருநிறப்பொருளும் மேல்தோலில் இருக்கும் மெலனினும் ஒன்றே. வெள்ளைத் தோலில் முடி மட்டுமே கறுப்பு. நம் தோலில் இரண்டுமே கறுப்பு. அலைநீளம் கூடக் கூட மெலனின் ஒளியை உறிஞ்சுவது குறைகிறது, ஒளியும் ஆழம் போகிறது. ஆகவே தோலை வெளிர் முதல் கருமை வரை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் வகைப்பாட்டில் பெரும்பாலும் நான்கு, ஐந்தாம் வகைகளில் வரும் நமக்கு 1064 கூடுதல் பாதுகாப்பானது. குறுகிய அலைகளும் கலந்து வரும் ஐ.பி.எல்.லில் மேல்தோல் சுடும் வாய்ப்பு அதிகம்.

முடி நீக்கத்தில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். ஐ.பி.எல். கைப்பிடியின் முனை நீள்சதுரக் கண்ணாடி. ஆற்றல் கூடிப்போனாலோ குளிர்விப்பு குறைந்தாலோ, தாடையோரத்தில் அதே நீள்சதுர அளவில் வரிசையாகக் கருந்தடங்கள் விழும். அவை மறையப் பல மாதங்கள் ஆகலாம். "கொஞ்சம் சுடும் அக்கா, அவ்வளவுதான்" என்று பணிப்பெண் சொல்வதை அப்படியே விட்டுவிடக் கூடாது. சுருக்கென்ற வலி உடனே தணிவது இயல்பு, எரிச்சல் நீடிப்பது இயல்பன்று. என்டி யாக்கிலும் குறை உண்டு: வலி அதிகம், மெல்லிய முடியில் பலன் குறைவு. நல்ல குளிர்விப்புள்ள டயோடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தடித்த கருமுடிக்கு என்னிடம் கேட்டால் டயோடு அல்லது என்டி யாக் என்பேன். மாநிறத்துக்கும் கூடுதலான கறுப்புத் தோலுக்கு என்டி யாக் மட்டுமே. நரைமுடியை எந்த ஒளியும் அசைக்காது. அதற்கு மின்னூசி முறைதான் வழி.

முகமுடியில் ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கல் இருந்தால், அதற்கு மருத்துவம் பார்க்காமல் எத்தனை அமர்வு செய்தாலும் முடி திரும்ப முளைக்கும். அரிதாக, பூனைமுடி மேல் ஒளி பட்டுத் தாடையிலும் கழுத்திலும் முடி முன்னிலும் தடித்து வளர்வதும் உண்டு, ஐ.பி.எல்., லேசர் இரண்டிலுமே இது நேர்கிறது. சிகிச்சைக் காலத்தில் திரெடிங்கும் வாக்சிங்கும் கூடாது, ஏனெனில் வேர் உள்ளே இருந்தால்தான் ஒளி பிடிக்க ஏதேனும் இருக்கும், மழித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வாங்கும் ஐ.பி.எல். கருவிகளின் பெட்டியில் உள்ள நிற அட்டையில் அடர்ந்த நிறங்களுக்குப் பெரும்பாலும் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். உங்கள் முன்கையை அதன் அருகே வைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

மங்கில் கதை முற்றிலும் வேறு. கன்னத்திலும் நெற்றியிலும் படரும் இந்தக் கருமை ஹார்மோனாலும் வெயிலாலும் வெப்பத்தாலும் தூண்டப்படுவது. பங்குனி, சித்திரையில் நாற்பது டிகிரியைத் தொடும் பாலக்காட்டு வெயிலில் தோப்பிலும் வயலிலும் வேலை செய்பவருக்கு ஐ.பி.எல். வெப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால், சில வாரம் வெளுத்ததுபோல் இருந்து பிறகு முன்னைவிடக் கறுக்கக்கூடும். குறைந்த ஆற்றலில் பல அமர்வுகளாக லேசர் பாய்ச்சும் லேசர் டோனிங்கிலும், நிறுத்தியபின் மங்கு திரும்புவதும், அளவு மீறினால் வெண்புள்ளிகள் விழுவதும் உண்டு. இங்கே களிம்புகள்தாம் முதலிடம்: எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத, இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன். மருத்துவர் குறித்த காலம் வரை மட்டும் ஹைட்ரோகுவினோன். அல்லது அசலாயிக் அமிலம். தேவைப்பட்டால் டிரானக்ஸாமிக் அமில மாத்திரை. இரத்த உறைவு வந்தவர்களுக்கு அது ஆகாது. அகன்ற விளிம்புத் தொப்பியும் மருந்துதான், விலை குறைந்த மருந்து.

களிம்பு என்றதும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சிவப்பழகு க்ரீமை நினைத்துவிடக் கூடாது. அவற்றுள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் முகம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பருவும் முடியும் வரும். இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மைய அரசு 2018இல் விதியை இறுக்கியது. முகம் இப்படிக் கெட்டவர்கள் அதை நிறுத்தித் தோல் ஆறும் முன் எந்த ஒளியின் கீழும் படுக்கக் கூடாது.

பருவுக்கு அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு களிம்புகள் இருக்க ஐ.பி.எல்.லுக்கு முதலில் போக வேண்டியதில்லை. குழிந்த தழும்பை அது நிரப்பாது. ஐ.பி.எல். உண்மையாகவே சிறப்பது மூக்கோரம் தெரியும் சிவந்த நுண்குழாய்களிலும் வெளிர்த்தோலின் வெயில் புள்ளிகளிலும். வெளிர்ந்த நிறமுள்ள சிலருக்கே நம்மிடையே அது பயன்படும்.

எல்லைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒப்புதல் படிவம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். பேசப் புரிந்தாலும் படிக்கத் தெரியாதவர்கள் கையெழுத்திட்டு விடுகிறார்கள். படித்துக் காட்டச் சொல்லுங்கள். கருவியின் பெயர், வடிகட்டியின் அலைநீளம், ஜூல் அளவு (ஒளியின் ஆற்றல்), மில்லிசெகண்ட் (ஒளித்துடிப்பு நீடிக்கும் நேரம்) ஆகியவற்றை ஒவ்வொரு அமர்விலும் அட்டையில் குறித்து வாங்குங்கள். பாலக்காட்டில் தொடங்கிப் பொள்ளாச்சியில் முடிப்பவர்களுக்கு அந்த அட்டை இல்லையென்றால் அடுத்த மருத்துவர் இருட்டில்தான் தொடங்க வேண்டும். காதோரத்தில் சோதனை ஒளி விட்டு ஓரிரு வாரம் பொறுத்துப் பார்க்காமல் முழு முகத்தையும் கொடுக்காதீர்கள். கர்ப்பம், வலிப்பு, பருவுக்கு எடுக்கும் டாக்சிசைக்ளின், ஐசோட்ரெடினாயின் மாத்திரைகள் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தள்ளுபடியின் நாள்கணக்கும் இந்தச் சிகிச்சைக்கு ஒத்துவராது. முகமுடிக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு அமர்வுகளாவது வேண்டும் என்பதால், ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியில் பணம் கட்டுபவருக்கு ஓரிரண்டு அமர்வுக்கு மேல் நேரமில்லை. முந்தைய ஐப்பசியிலேயே தொடங்கினால் பங்குனி வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும்; கோடையைச் சன்ஸ்கிரீனோடு கடத்திவிட்டு, எஞ்சிய அமர்வுகளை ஆனி மழையில் வைத்துக்கொள்ளலாம்.