பால், தயிர், பனீர், கீரை: எதிலிருந்து எவ்வளவு கால்சியம் தேறும்?

ஒரு பண்டத்தில் இருக்கும் கால்சியம் வேறு, குடல் உறிஞ்சிக்கொள்ளும் கால்சியம் வேறு. இந்த இரண்டாவது கணக்கை யாரும் பாக்கெட்டில் அச்சிடுவதில்லை.

200 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் கால்சியம் உண்டு. பெரியவர்கள் உடம்பு அதில் 30 சதவீதம் போல எடுத்துக்கொள்ளும். ஆக, தேறுவது 70 மில்லிகிராம் சொச்சம். இவ்வளவுதானா என்று முகம் சுளிக்குமுன் பாலக் கீரையைப் பாருங்கள். 100 கிராமில் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம். ஆனால் கீரையிலேயே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் அதை இறுகப் பிடித்துக்கொள்வதால் 5 சதவீதம்தான் வெளியே வரும். ஒரு தம்ளர் பாலுக்கு ஈடுகட்ட ஒன்றரை கிலோ கீரை வேண்டும். ஆய்வதற்கே அரை நாள் போய்விடும்! முட்டைக்கோஸ், காலிஃபிளவரில் உறிஞ்சும் விகிதம் பாலையே மிஞ்சும். என்ன செய்ய, சரக்கு குறைவு.

கேழ்வரகு இடைப்பட்ட கேஸ். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருந்தாலும், தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் உறிஞ்சவிடாமல் குறுக்கே நிற்கும். மாவைப் புளிக்கவைத்தால் அது குறையும். புளித்த கூழில் மோர் ஊற்றிக் குடிப்பவர்கள் இரண்டு பக்கமும் லாபம் பார்க்கிறார்கள்.

பால் வகைகளுக்குள்ளே? தயிருக்கும் பாலுக்கும் உறிஞ்சும் விகிதத்தில் பெரிய வித்தியாசமில்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்குத் தயிர்தான் தோது, பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸில் ஒரு பங்கு ஏற்கெனவே புளித்துப் போயிருக்கும். நீர்மோரில் விகிதம் மாறாது, ஆனால் தண்ணீர் ஊற்ற ஊற்ற கால்சியமும் நீர்த்துவிடும். கொழுப்பை எடுத்தால் சத்து போய்விடும் என்பது தவறு. கால்சியம் கொழுப்பில் இல்லை. அதனால் ஆவின் நீலப் பாக்கெட்டும் ஆரஞ்சுப் பாக்கெட்டும் இந்த விஷயத்தில் ஏறத்தாழ ஒன்றுதான். அதே காரணத்தால் நெய்யில் சொல்லும்படி எதுவுமில்லை.

பனீரில்தான் ஒரு சங்கதி. எலுமிச்சை பிழிந்து பாலைத் திரிக்கும்போது புளிப்பில் கால்சியத்தில் ஒரு பகுதி கரைந்து, வடியும் தண்ணீரோடு போய்விடுகிறது. புளிப்புக்குப் பதில் ரென்னட் என்ற நொதியைச் சேர்த்து உறையவைக்கும் செடார் சீஸில் இந்த இழப்பு குறைவு. ஆனால் அதில் உப்பு அதிகம், உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடுதலாக வெளியேறும். என் ஓட்டு வீட்டுப் பனீருக்கே. வடித்த தண்ணீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசைந்துவிட்டால் போனதில் கொஞ்சம் தட்டுக்கே திரும்பிவிடும்.