ஏழரையில வந்து நிண்ட என்ர முழங்கால்

போன வருசம் லண்டனில எங்கட ஊர்ச் சங்க விளையாட்டுப் போட்டியில பந்தடிக்கேக்க இடது கால் ஊண்டினபடி உடம்பு மட்டும் திரும்பி 'டக்' எண்டு ஒரு சத்தம், அதோட முழங்காலுக்குள்ள தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிடிச்சிருக்கிற ஏசிஎல் எண்ட நார் அறுந்துபோச்சு. அங்க வெயிற்றிங் லிஸ்ற்றில கிடக்கேக்கதான் மச்சாளின்ர கலியாணம் வந்தது, கொழும்புக்கு வந்த கையோட ஒருக்கா காலையும் காட்டுவம் எண்டு போனவன் கடைசியில ஒப்பரேஷனும் செய்துபோட்டு ஏழு கிழமை வெள்ளவத்தையில மாமி வீட்டில கிடந்தன். இப்ப ஃபோன் எடுக்கிற எல்லாரும் கேக்கிறது எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு முடிஞ்சது எண்டுதான். அறுந்ததுக்குப் பதிலா உடம்பில வேற எந்த நாரை எடுத்துப் போட்டவை எண்டு ஒருத்தரும் கேக்கினம் இல்லை. நானும் முதல் அப்பிடித்தான் இருந்தனான்.

முதல் காட்டின டொக்டருக்கு சனல் நம்பர், அதாவது தனியாரில டொக்டரைப் பாக்கப் பதிஞ்சு எடுக்கிற நம்பர், 27. ஆறு மணி எண்டு போட்டிருந்தாங்கள், அவர் பகல் அரசாங்க ஆஸ்பத்திரியில வேலை முடிச்சு காலி றோட் ட்ரபிக்குக்குள்ளால வந்து சேர ஏழே முக்கால், என்னைக் கூப்பிட ஒன்பதரை. எம்ஆர்ஐ படத்தை லைற்றில பிடிச்சுப் பாத்தார், 'ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ற், ரெண்டு நாரும் எடுப்பம், அட்மிற் ஆகும்' எண்டார், பின் தொடைப் பக்கத்து நாரை எடுத்து ஏசிஎல் இருந்த இடத்தில போடுறதைத்தான் அப்பிடிச் சொன்னவர். நாலு நிமிசம் கூட வராது. ஆள் கெட்டிக்காரர் எண்டுதான் எல்லாரும் சொல்லீனம், ஆனா எனக்கு மனம் ஒப்பேல்ல.

மாமி வேற ஒருத்தரிட்ட கூட்டிக்கொண்டு போனா. கொஞ்சம் வயசான தமிழ் டொக்டர். படத்தைப் பாக்க முதலே "தம்பி என்ன வேலை?" எண்டு கேட்டார். டைல்ஸ் பதிக்கிறனான் எண்டன். "அப்ப நாள் முழுக்க முழங்காலில நிக்கிற ஆள்" எண்டு சிரிச்சார்.

பிறகு கட்டிலில ஏத்தி, காலை மடிச்சு குதிக்காலை கட்டிலில அமத்தச் சொல்லி, என்ர கையைப் பிடிச்சு முழங்காலுக்குப் பின்னால உள்பக்கம் வைச்சார். கயிறு மாதிரி ஒண்டு விறைச்சுக்கொண்டு நிண்டுது. அதுதான் செமிடென்டினோசஸாம். பக்கத்தில இன்னும் மெல்லிசா கிராசிலிஸ் எண்டு ஒண்டு. ரெண்டும் கீழ முழங்காலுக்கு உள்பக்கமா கால் எலும்பில வந்து ஒட்டுது, அந்த இடத்தில சின்னனா ஒரு வெட்டுப் போட்டு, உள்ள ஒரு கம்பியை விட்டு நாரை உரிச்சு எடுப்பினமாம். தன்ர ஐடி கார்ட் பட்டியைக் கழட்டி ரெண்டா மடிச்சு, திருப்பி நாலா மடிச்சுக் காட்டினார். ஹாம்ஸ்ட்ரிங் எண்டு ஒரே சொல்லா சொன்னாலும் அதுக்குள்ளயே ரெண்டு வழி: ரெண்டு நாரையும் எடுத்து ஒவ்வொண்டையும் ரெண்டா மடிச்சு நாலு இழை ஆக்கலாம், இல்லாட்டி செமிடென்டினோசஸை மட்டும் நாலா மடிச்சு கிராசிலிஸை விட்டுவைக்கலாம். விட்டுவைச்சா காலை நல்லா மடிக்கிற பலம் கொஞ்சம் மிஞ்சும், குந்தி இருக்கிறவனுக்கு அது பெரிய விசயம். ஆனா மடிச்ச நார் 8 மில்லிமீற்றருக்குக் குறைஞ்சா திரும்ப அறுபடுற சாத்தியம் கூட. என்னை மேலும் கீழும் பாத்திட்டு "நீர் வேற மெல்லிசு" எண்டார்.

அப்ப முழங்கால் சில்லுக்குக் கீழ, முன்பக்கம் இருக்கிற நாரை எடுத்தா என்ன எண்டு கேட்டன். அதின்ர நடுத்துண்டை ரெண்டு நுனியிலயும் எலும்போட வெட்டி எடுத்துப் போடுறது, எலும்போட எலும்பு கெதியா ஒட்டும், பிடியும் இறுக்கம். "22 வயசுப் பெடியன், கிழமைக்குக் கிழமை மாட்ச் ஆடுறவன் எண்டா நானும் அதைத்தான் யோசிப்பன், உமக்கு அதைச் செய்தா முழங்காலில நிக்கேக்கயெல்லாம் முன்னால நோகும், தொழில் போயிடும்" எண்டார். செத்த ஆக்களிட்ட எடுக்கிற நாரைப் பற்றியும் கேட்டன், ஓடி விளையாடுற இளம் ஆக்களுக்கு அது கூட அறுகிறது எண்டு ஒரு வரியில முடிச்சிட்டார். முதல் ஒரு நார், அளந்து பாத்து காணாட்டி மற்றதும் எடுக்கிறது எண்டு பேசி முடிவெடுத்தம்.

ஒப்பரேஷன் முதுகில ஊசி போட்டுத்தான், இடுப்புக்குக் கீழ ஒண்டும் தெரியாது, காது மட்டும் நல்லாக் கேக்கும். நாரை எடுத்து ஓட்டை போட்ட கட்டைக்குள்ளால இழுத்து அளக்கேக்க ஆரோ "செவன் பொயின்ற் ஃபைவ்" எண்டாங்கள். ஏழரை! ஊரில ஜாதகம் பாத்தவன் சொன்ன சனி தியேட்டருக்குள்ளயும் வந்திட்டான் எண்டு நினைச்சன். கிராசிலிஸையும் எடுத்துச் சேத்து எட்டரை ஆக்கினவை.

இனி மனஸ்தாபம். பேர் சொல்ல விரும்பேல்ல, அந்த ஆஸ்பத்திரியில பக்கேஜ் எண்டு ஒரு தொகை சொன்னவை, பில் வரேக்க நாரை எலும்பில பிடிக்கிற பட்டனும் ஸ்க்ரூவும் வேற. அதில்லாம பிறகு என்ன பக்கேஜ்? மாமி கவுண்டரில சிங்களத்தில ஒரு பிடி பிடிச்சா, ஒரு சதம் குறையேல்ல. போறவை இந்தப் பட்டன், ஸ்க்ரூ மாதிரி இம்ப்ளான்ற் எல்லாம் சேத்தோ எண்டு எழுத்தில கேளுங்கோ.

நேர்ஸ்மார், ஃபிசியோ எல்லாம் தங்கம். ஃபிசியோ அக்கா சிங்களம், "மல்லி, மல்லி" (தம்பி, தம்பி) எண்டு கூப்பிட்டே உயிரை எடுப்பா. அஞ்சாம் கிழமை செருப்பு போடக் குனியேக்க பின் தொடையில 'டப்' எண்டுது, போட்டது போச்சு எண்டு வேர்த்துக் கொட்டிட்டுது. அவ அமத்திப் பாத்திட்டு, நார் எடுத்த இடத்தில புதுசா ஒட்டினது கொஞ்சம் விட்டிருக்கு, ஹாம்ஸ்ட்ரிங் எடுத்த ஆக்களுக்கு வாறதுதான் எண்டா. ரெண்டு நாள் நீலமாக் கிடந்தது. வெட்டுக்குப் பக்கத்தில உள்ளங்கை அளவுக்கு தோல் விறைப்பு, அது இன்னும் இருக்கு. பந்தடி ஒன்பது மாசத்துக்கு முதல் நினைச்சும் பாக்கக் கூடாதாம்.

கடைசிக் கிழமை ஒரு துண்டுக் கடதாசிக்கு மூண்டு தரம் ஓட்டோவில அலைஞ்சன். டிஸ்சார்ஜ் பேப்பரில 'ஏசிஎல் ஒப்பரேஷன்' எண்டு மட்டும்தான், எந்த நார், என்ன தடிப்பு, எதால பிடிச்சது ஒண்டும் இல்லை. லண்டன் ஃபிசியோ முதல் கேக்கப்போறது அதைத்தானே. கடைசியா டொக்டரே சனல் அறை வாசலில வைச்சு கையால எழுதி சீல் குத்தித் தந்தார், அதைப் பாஸ்போட்டுக்குள்ள வைச்சிருக்கிறன். பிளேனில காலை நீட்ட ஓரச் சீற் எடுத்தாச்சு, இடது பக்கம் நடைபாதை வாறமாதிரி.