டிஸ்க் 100 சதவீதம்: 5400 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓட்டினால்

4 ஜிபி ராம், 1 டிபி 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. இந்தக் கூட்டணியில் வந்த லேப்டாப்கள் இன்னும் நிறைய வீடுகளில் ஓடுகின்றன. புதிதில் பெரிய தொந்தரவு தெரியாது. போகப்போக ஆன் செய்து கால்மணி நேரம் ஆனாலும் டிஸ்க் விளக்கு அடங்காது; டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும்.

அந்த 100 வேகக் கணக்கே அல்ல. டிஸ்க் எவ்வளவு நேரம் ஓய்வில்லாமல் இருந்தது என்பதுதான் அது. 5400 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்று சுற்ற 11 மில்லி செகண்டுக்கு மேல் பிடிக்கும். தட்டின் மேல் நகர்ந்து டேட்டாவைப் படிக்கும் ஹெட்டின் நேரத்தையும் சேர்த்தால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன டேட்டாவை செகண்டுக்கு 100 முறை எடுப்பதே பெரிய பாடு. ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் மொத்தம் 400 கேபி. ஒரே பெரிய வீடியோ ஃபைலைக் காப்பி செய்யும்போது செகண்டுக்கு 80, 100 எம்பி தருகிற அதே டிஸ்க்தான் இது.

ஆகவே டிஸ்க்கில் எந்தப் புரோகிராம் படிக்கிறது, எது எழுதுகிறது என்று பார்ப்பதே முதல் வேலை. விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து டிஸ்க் டேபில் ரெஸ்பான்ஸ் டைம் பத்தியைப் பாருங்கள். 10, 20 மில்லி செகண்ட் சகஜம். நெரிசலில் நூறைத் தாண்டலாம். பெரிய வேலை எதுவும் ஓடாதபோதே ஆயிரக்கணக்கில் நின்றால் டிஸ்க்கையே சந்தேகப்பட வேண்டும்.

பட்டியலில் டிஃபெண்டர் (விண்டோஸின் ஆன்டிவைரஸ்), சர்ச் இண்டெக்ஸர் (தேடலுக்காக ஃபைல்களைப் பட்டியலிடுவது), அப்டேட் வேலைகள் மேலே இருந்தால் சார்ஜரில் போட்டு, ஸ்லீப் ஆகாமல் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பெரும்பாலும் தானாக முடிந்துவிடும். பாதியில் அணைத்தால் மறுநாள் மிச்சத்தைத் தொடங்கும். முடிந்த பிறகு விண்டோஸ் புதிதாகத் தொடங்க ஷட் டவுன் போதாது, ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட் டவுன் செய்து ஆன் செய்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் புதிதாகத் தொடங்குவதில்லை.

ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் குற்றவாளி டிஸ்க் அல்ல, ராம். அதே ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி டேபில் ஹார்டு ஃபால்ட்ஸ் (ராமில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுக்கும் எண்ணிக்கை) எகிறுவதைப் பார்த்தே உறுதி செய்யலாம். பிரவுசரில் பத்து டேப் திறந்தால் 4 ஜிபி தாங்காது. 8 ஜிபி ஆக்கினால் கண்கூடாக வித்தியாசம் தெரியும். வாங்கும் முன் ஸ்லாட் இருக்கிறதா, ராம் வகை டிடிஆர்3எல்லா டிடிஆர்4ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் ராம் போர்டிலேயே ஒட்டியிருக்கும்.

எல்லோரும் சொல்லும் வைத்தியம் சிஸ்மெயினை, அதாவது அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ராமில் ஏற்றி வைக்கும் விண்டோஸ் சர்வீஸை, நிறுத்துவது. பூட் ஆன கையோடு வரும் இரைச்சல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அடிக்கடி திறக்கும் புரோகிராம்கள் முன்பைவிட நிதானமாகத் திறக்கும். ஒரு மாதம் ஓட்டினால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்றுதான் தோன்றும்.

வேகம் பூஜ்யத்திலேயே இருக்க 100 மட்டும் அசையாமல் நின்றால், விண்டோஸோடு வரும் ஏஹெச்சிஐ டிரைவரும் (சாட்டா டிஸ்க்கை இயக்குவது) சில சிப்செட்களும் ஒத்துப்போகாத பழைய கோளாறு இருக்கலாம். முதலில் தயாரிப்பாளரின் சேமிப்பக டிரைவரைப் போட்டுப் பாருங்கள்.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமில் பழுதான செக்டர்களை (டிஸ்க்கின் சின்னச் சின்ன பகுதிகளை) காட்டும் 05, சி5, சி6 வரிகளைக் கவனியுங்கள். ரா வேல்யூ வழக்கமாக ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) இருக்கும். 10 என்று தெரிந்தால் அது 16. சி5 ஏறிக்கொண்டே போனால் படிக்க முடியாத செக்டர்கள் கூடுகின்றன என்று பொருள். சி7 மட்டும் ஏறினால் கேபிளையோ கனெக்டரையோ பாருங்கள். விண்டோஸின் பிழைப் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 7, 153 எண்கள் அடிக்கடி வருவதும் நல்ல சகுனம் அல்ல. இந்த நிலையில் டிஸ்க் பிழைகளைச் சரிபார்க்கும் செக் டிஸ்க் (chkdsk) கமாண்டை 'ஆர்' ஸ்விட்சோடு (/r) ஓட்டாதீர்கள். எல்லா செக்டரையும் படிக்க மணிக்கணக்கில் டிஸ்க்கை வாட்டும். தள்ளாடும் டிஸ்க் அதிலேயே படுத்துவிடலாம். முதலில் போட்டோக்களையும் டாக்குமென்ட்டுகளையும் வெளியே எடுங்கள்.

கடைசியில் வந்து நிற்பது சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிதான். 2.5 இன்ச் சாட்டா, 7 மில்லிமீட்டர் தடிமன், 240 ஜிபி போதும். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் குளோன் செய்யலாம், அதாவது அதில் உள்ளதை அப்படியே நகலெடுக்கலாம். சி5 ஏறிய டிஸ்க் என்றால் விண்டோஸைப் புதிதாகப் போடுவதே மேல். மாற்றியதும் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் ஜன்னலில் சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று வருகிறதா பாருங்கள். ஹார்டு டிஸ்க் என்றே காட்டினால், அட்மின் உரிமையில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து வின்சாட் ஃபார்மல் (winsat formal) கமாண்டை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.