ரிவர்ஸ் லைட் எரியவில்லையா? "வயரிங் போச்சு" என்றால் உடனே காசைக் கொடுக்காதீர்கள்

திருச்சியில் பெரிய போர்டு வைத்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் 11,800 ரூபாய் ஏமாந்தேன். கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் ஏமாற்றிய விதத்தை முழுசாக எழுதுகிறேன். இதே கதையை வேறு ஊரில், வேறு கடையில் உங்களிடமும் சொல்வார்கள்.

உறையூரில் எங்கள் சந்துக்குள் காரைத் திருப்ப முடியாது. ராத்திரி வெளியே போக வேண்டுமென்றால் எழுபது அடி ரிவர்ஸிலேயே வரவேண்டும். ஒரு நாள் மனைவி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "என்னங்க, வெள்ளை லைட் ரெண்டுமே எரியல" என்றாள். பின்னால் யாராவது இருந்தால் கத்தும் சென்சாரும் கத்தவில்லை. என் கார் 2013 மாடல், மேனுவல் கியர். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம் என்பதால் கம்பெனியிலேயே வந்துவிடுகிறது. என்னுடையது வெளியே வாங்கி மாட்டியது. ஒர்க்‌ஷாப்காரர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

"சென்சாருக்காக வயரை அறுத்துச் சேர்த்திருக்காங்க சார். ஷார்ட் ஆகி உள்ள கருகிடுச்சு. கியர்பாக்ஸ்லேர்ந்து டிக்கி வரைக்கும் மாத்தணும். இப்படியே ஓட்டினா தீப்பிடிக்கும்." தீ என்ற வார்த்தை வந்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். பின் சீட்டில் உட்காருவது என் பிள்ளைகள்.

மறுநாள் மாலை லைட் எரிந்தது. ஒரு துண்டுத்தாளில் கணக்கு எழுதித் தந்தார்கள்: வயரிங் செட் 6,500, பல்பு இரண்டு 600, சென்சார் யூனிட் 1,900, லேபர் 2,800. பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார் சூப்பர்வைசர். ஜிபேயில் அனுப்பிவிட்டு வந்தேன். கழற்றிய பழைய சாமானைக் கேட்கவே தோன்றவில்லை.

மூன்று வாரம் எரிந்தது. பிறகு மழை பெய்த ஒரு ராத்திரி சந்திலிருந்து பின்னால் வந்துகொண்டிருக்கிறேன், மொபெட்டில் ஒரு பெரியவர் நேராக உள்ளே வந்துவிட்டார். சென்சார் கத்தவில்லை. கார் தன்னை நோக்கி வருகிறது என்று அவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் வெள்ளை வெளிச்சம் இல்லை. அவர் போட்ட சத்தத்தில் நான் பிரேக்கை மிதித்தபோது நடுவில் இரண்டு அடிகூட இல்லை. அவர் திட்டியதெல்லாம் நியாயம்.

மறுநாள் பாலக்கரையில் மரத்தடியில் கடை போட்டிருக்கும் எலக்ட்ரீஷியன் பாயிடம் போனேன். நடந்ததைச் சொன்னதும், "ஷார்ட் ஆனா முதல்ல போறது ஃபியூஸ்தான், தம்பி" என்று ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தார். ஃபியூஸ் நன்றாக இருந்தது. சாவியை ஆன் செய்யச் சொன்னார், இன்ஜின் ஸ்டார்ட் செய்யாமல். ஹேண்ட்பிரேக் போட்டு, ரிவர்ஸ் கியர். லைட் எரியவில்லை. பானெட்டைத் தூக்கி, கியர்பாக்ஸில் திருகியிருக்கும் ரிவர்ஸ் சுவிட்சிலிருந்து இரண்டு பின் சாக்கெட்டை உருவினார். அந்த இரண்டு வயரையும் விரல் நீளக் கம்பி ஒன்றால் இணைத்தார். "பின்னாடி பாருங்க."

பின்சுவர் வெள்ளையாகிவிட்டது. சென்சாரும் கத்தியது.

கியர்பாக்ஸிலிருந்து டிக்கிவரை வயரிங்கில் ஒரு குறையும் இல்லை, பல்பிலும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ரிவர்ஸ் கியர் விழும்போது உள்ளே இருக்கும் தண்டு அந்தச் சுவிட்சை அழுத்தும், கரண்ட் பின்னால் போகும். இவ்வளவுதான் அதன் வேலை. என் சுவிட்ச் உள்ளே தேய்ந்துபோயிருந்தது.

பிறகு பாய் டார்ச் அடித்துக் காட்டியதை நான் மறக்கமாட்டேன். கியர்பாக்ஸ் முழுக்கக் கருப்புப் பிசுக்கு. அந்தச் சுவிட்சைச் சுற்றி மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்துவைத்த மாதிரி சுத்தம். "யாரோ ஸ்ப்ரே அடிச்சு ஆட்டிவிட்டிருக்காங்க. கொஞ்ச நாள் எரிஞ்சிருக்கும். கோளாறு இங்கதான்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு, தம்பி." டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினோம். கம்பெனியில் சுற்றிய டேப், பத்து வருடத் தூசியோடு அப்படியே இருந்தது. "புதுப் பல்பு" இரண்டின் கண்ணாடியும் உள்ளே கருத்துப்போயிருந்தது. சென்சார் பெட்டியும் பழையதேதான்.

தெரியாமல் வேறு எதையோ மாற்றியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். இவர்கள் கோளாறைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதை மறைத்து, தீப்பிடிக்கும் என்று பயமுறுத்திப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பெரியவர் மேல் வண்டி ஏறியிருந்தால் என் கதி என்ன, அவர் வீட்டின் கதி என்ன?

புதுச் சுவிட்ச் 450, பாயின் கூலி 200. அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். பழைய வயரிங் குப்பைக்குப் போய்விட்டதாம், புதிது வாங்கிய கடைப் பில்லும் இல்லையாம். சத்தம் போட்டதும் 3,000 ரூபாயை மேஜையில் வைத்தார்கள். எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். துண்டுத்தாளின் போட்டோ, ஜிபே ரசீது, தூசி படிந்த டேப்பின் போட்டோ எல்லாம் இருக்கின்றன. சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். ஒழுங்கான பில் கையில் இருந்திருந்தால் இந்த வேலை பாதியாகக் குறைந்திருக்கும். அது என் தப்பு.

உங்களுக்கு இப்படி ஆனால், கடைக்குப் போகும் முன்பு வீட்டிலேயே பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்பு, ஹோல்டர், இல்லையென்றால் எர்த் (பல்பிலிருந்து கரண்ட் பாடிக்குத் திரும்பும் வயர்). (சில மாடல்களில் ஒரு பக்கம்தான் ரிவர்ஸ் லைட்டே இருக்கும், அதையும் கவனியுங்கள்.) இரண்டும் சேர்ந்து போனால் முதலில் ஃபியூஸ், அடுத்தது சுவிட்ச். சென்சாரோ கேமராவோ ரிவர்ஸ் லைட் வயரிலிருந்து கரண்ட் எடுப்பதாக இருந்தால், லைட்டோடு அதுவும் செத்திருக்கிறதா என்று பாருங்கள். செத்திருந்தால் கரண்ட் பின்னால் வரவே இல்லை. லைட் எரியாமல் சென்சார் மட்டும் கத்தினால் கோளாறு லைட் பக்கம். வயரிங் மாற்றவேண்டும் என்று யாராவது சொன்னால், சுவிட்ச் சாக்கெட்டை உருவி இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

ஏற்கெனவே இப்படி வயரிங் மாற்றியதாகப் பணம் கொடுத்தவர்கள், இன்றே டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி டேப்பைத் தொட்டுப் பாருங்கள். விரலில் தூசி ஒட்டினால், துடைப்பதற்கு முன்பு போட்டோ எடுத்துவிடுங்கள்.