ஸ்கிரிப்டின் காதில் யார் சொல்வது: சூழல் மாறியா, தலைப்பா?

உலாவிக்கும் சர்வருக்கும் நடுவே ஓடும் டிஎல்எஸ் (இணைப்பைப் பாதுகாக்கும் நெறிமுறை) மறையாக்கத்தை பிஎச்பி ஸ்கிரிப்ட் நேரடியாகப் பார்ப்பதில்லை. மறையை அவிழ்ப்பது வெப் சர்வர். இணைப்பு பாதுகாப்பானதா, பயனர் தன்னை அடையாளம் காட்டும் மின்னணுச் சான்றிதழைக் காட்டினாரா என்பதை அதுதான் ஸ்கிரிப்டுக்குச் சொல்ல வேண்டும். சொல்லும் வழிகள் முக்கியமாக இரண்டு.

முதலாவது, சூழல் மாறி: ஸ்கிரிப்டை இயக்கும்போது சர்வர் ஒரு பெயரிட்டுக் கொடுக்கும் மதிப்பு. அப்பாச்சி வெப் சர்வரின் டிஎல்எஸ் தொகுதியான மோட்_எஸ்எஸ்எல் ‘ஹெச்டிடிபிஎஸ்’ என்ற மாறியில் ‘ஆன்’ என்று எழுதிவிடுகிறது. நெறிமுறைப் பதிப்பு, சான்றிதழ் உரிமையாளர் பெயர் போன்றவை வேண்டுமென்றால் ‘ஸ்டாண்டர்ட் என்வி வார்ஸ்’ அமைப்பை நாமே இயக்க வேண்டும்; ஒவ்வொரு கோரிக்கைக்கும் அவற்றைத் திரட்டுவது செலவு என்பதால் அது இயல்பில் அணைந்திருக்கும். என்ஜின்எக்ஸ் சர்வரில் ஒவ்வொன்றையும் அமைப்புக் கோப்பில் ‘ஃபாஸ்ட்சிஜிஐ பாரம்’ வரியாக எழுதித் தரவேண்டும். ஐஐஎஸ் சர்வரோ பாதுகாப்பற்ற இணைப்பிலும் ‘ஹெச்டிடிபிஎஸ்’ மாறியில் ‘ஆஃப்’ என்று எழுதக்கூடும். மாறி காலியாக இல்லையே என்று மட்டும் சோதிக்கும் நிரல் அங்கே ஏமாந்துபோகும்.

இரண்டாவது, தலைப்பு (ஹெடர்): கோரிக்கையுடன் சேர்ந்து வரும் பெயர்-மதிப்பு வரி. சர்வருக்கு முன்னால் நிற்கும் ப்ராக்ஸி என்ற இடைநிலை சர்வர் டிஎல்எஸ்ஸை முடித்துக்கொண்டு, ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ’ போன்ற தலைப்பில் தகவலை உள்ளே அனுப்புகிறது. வேர்ட்பிரஸின் பாதுகாப்புச் சோதனை இந்தத் தலைப்பைப் பார்ப்பதில்லை. ‘ஹெச்டிடிபிஎஸ்’ மாறியையும் 443 என்ற போர்ட் எண்ணையும்தான் பார்க்கிறது. அதனால் இணைப்பு பாதுகாப்பற்றது என்று நினைத்து, பயனரை மீண்டும் மீண்டும் பாதுகாப்பான முகவரிக்கே திருப்புகிறது. ப்ராக்ஸிக்குப் பின்னால் வேர்ட்பிரஸ் தளங்கள் முடிவில்லாத திசைமாற்றத்தில் சுழல்வதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

எனக்குக் கவலை தருவது சுழற்சியைவிட நம்பகத்தன்மைதான். சர்வர் ஸ்கிரிப்டுக்குத் தகவல் தரும் மரபான சிஜிஐ முறைப்படி, வெளியிலிருந்து வரும் தலைப்புகள் ‘ஹெச்டிடிபி_’ என்ற முன்னொட்டுடன்தான் மாறிகளாகின்றன. ஆகவே ‘ஹெச்டிடிபிஎஸ்’ என்ற மாறியையோ ‘எஸ்எஸ்எல்_’ என்று தொடங்கும் மாறிகளையோ வெளியாள் எவரும் தலைப்பு அனுப்பி உருவாக்க முடியாது. அந்த ஒரு முன்னொட்டு எவ்வளவு பெரிய காவல்! தலைப்புக்கு அந்தக் காவல் கிடையாது; யார் வேண்டுமானாலும் தானே எழுதி அனுப்பலாம். தலைப்பின் பெயரில் உள்ள நடுக்கோடும் (-) அடிக்கோடும் (_) மாறியாகும்போது ஒன்றாகிவிடுவது இன்னொரு ஓட்டை. ப்ராக்ஸி ஒரு வடிவத்தை மட்டும் அழித்தால் மற்றொன்று நுழைந்துவிடும். அதனால்தான் அப்பாச்சி 2.4, என்ஜின்எக்ஸ் இரண்டும் அடிக்கோடுள்ள தலைப்புகளை இயல்பில் ஒதுக்கிவிடுகின்றன.

டிஎல்எஸ்ஸை முடிக்கும் சர்வரே ஸ்கிரிப்டையும் அழைக்கிறது என்றால், தயங்காமல் சூழல் மாறியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே ப்ராக்ஸி இருந்தால் தலைப்பைத் தவிர்ப்பது கடினம். அப்போது உலாவியிலிருந்து வரும் அதே பெயர்த் தலைப்பை ப்ராக்ஸி கட்டாயம் அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுத வேண்டும். ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் சர்வரின் போர்ட் ப்ராக்ஸிக்கு மட்டுமே திறந்திருக்க வேண்டும். சான்றிதழை வைத்து உள்நுழைவு தரும் தளத்தில் இவ்விரண்டில் ஒன்று தவறினாலும், யாரும் யார் பெயரிலும் உள்ளே வந்துவிடலாம்.