14,750 ரூபாய்க்கு மஞ்சள் தண்ணீர்: ஊர்க்கோழி வளர்ப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்

இருபத்தெட்டாவது கோழியை இன்று காலை புதைத்தேன். கை கழுவிய ஈரம் காயுமுன்னே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆறப்போட்டு எழுதினால் கோபம் தணிந்துவிடும், அதற்குள் இன்னொருவர், கோழி மருந்து என்று சொல்லி என்னை ஏமாற்றிய அந்த மனிதனுக்குக் காசு அனுப்பிவிடுவார். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று வன்னியில் எந்த மூலையில் இருந்தாலும், வளவில் நாலு கோழி வைத்திருப்பவர்கள் இதைக் கடைசிவரை வாசியுங்கள். கோழிக்கு வீட்டில் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதையும் முடிவில் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு வட்டக்கச்சிப் பக்கம். முகாமிலிருந்து 2010இல் திரும்பி வந்தபோது வளவில் கிணறும் இரண்டு தென்னையும் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. முதலில் ஐந்து கோழி வாங்கினோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கொப்பி, பென்சில், பஸ் காசு எல்லாமே முட்டைக் காசுதான். இந்த மார்கழியில் என்னிடம் முப்பத்து நான்கு உருப்படிகள் இருந்தன. பேடு பத்தொன்பது, சேவல் நான்கு, மிச்சம் வளர்ந்துவரும் குஞ்சுகள். சேவல்களைப் பொங்கலுக்கு விற்பதாகப் பேசி வைத்திருந்தேன்.

பக்கத்து வளவு மாமி சந்தையில் வாங்கிவந்த பேடு ஒன்று மூன்றாம் நாளே செத்துவிட்டது. எங்கள் கோழிகளும் அவருடைய கோழிகளும் ஒரே வேலிக்குள்ளால் போய்வருபவை. அடுத்த வியாழக்கிழமை எங்கள் சேவல் ஒன்று செட்டையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாமரத்தடியில் தூங்கி நின்றது. பின்பக்கம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். அம்மா இருந்திருந்தால் பார்த்தவுடனே "தூங்கல் வருத்தம் வந்துவிட்டது, மற்றவற்றைப் பிரித்து அடை" என்றிருப்பார்.

அன்றிரவு கைப்பேசியில் தேடினேன். கண்ணில் பட்டது ஒரு விற்பனைப் பக்கம். பெயரைச் சொல்லவில்லை, இன்று சொன்னால் நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள். "முழுக்க முழுக்க இயற்கை", "நம் முன்னோர் மூலிகை", "இரசாயனம் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். கீழ்காய்நெல்லி, மஞ்சள், மிளகு, சீரகம், உள்ளி எல்லாம் படமாகப் போட்டிருந்தார்கள். இவையெல்லாம் அம்மா அம்மியில் அரைத்த சாமான்கள். குஞ்சுக்கு அம்மை போட்டால் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுவார். பேன் பிடித்தால் அடுப்புச் சாம்பலை மண்ணோடு கலந்து குழியில் போட்டுவிடுவார், கோழி தானே புரண்டு குளிக்கும். அந்த நினைப்பில்தான் நம்பினேன். வேறு எந்த விளம்பரத்தையும் நம்பியிருக்க மாட்டேன்.

செய்தி அனுப்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அந்தப் பக்கத்தை நடத்துபவனே அழைத்துவிட்டான். பதமான குரல். முதல் வார்த்தையே "அக்கா, சாப்பிட்டீர்களா?" தானும் வன்னிதான், தன் தாயும் விசுவமடுவில் கோழி வளர்த்துத்தான் தங்களைப் படிப்பித்தார் என்றான். கழிச்சலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான், அனுப்பினேன். பிறகு, "உங்கள் கோழிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்களா அக்கா?" என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் இல்லை, கறுத்தப்பேடு என்று ஒன்று இருக்கிறது, நான்கு முறை அடைவைத்து ஒரு குஞ்சைக்கூடக் காகத்துக்குக் கொடுக்காத பேடு அது என்று சொன்னேன். "கறுத்தப்பேடு பிழைக்கும் அக்கா. நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள். மூன்று நாளில் எல்லாம் எழும்பி மேயும். மேயாவிட்டால் காசு முழுவதும் திரும்ப உங்கள் கணக்குக்கு வரும்" என்றான்.

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். மருந்து விற்க வந்தவன் கோழியின் பெயரைக் கேட்பானா என்று எண்ணிவிட்டேன்.

அதோடு இன்னொன்றும் சொன்னான். இதைக் கவனமாக வாசியுங்கள். "மிருக வைத்தியரிடம் மட்டும் போகாதீர்கள் அக்கா. அவர்கள் ஊசி போட்டால் எங்கள் மருந்து வேலை செய்யாது, முட்டையிலும் விஷம் ஏறிவிடும்" என்றான். நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை வங்கியில் 14,750 ரூபாய் போட்டேன். ஊர்முட்டை ஒன்றை 70 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். 200 முட்டைக்கு மேல் விற்றால்தான் அந்தக் காசு சேரும்.

பொதி வந்தது திங்கட்கிழமை பின்னேரம். அதற்குள் ஐந்து செத்திருந்தன. ஐந்து போத்தல், இரண்டு பை தூள். எல்லாக் கோழிகளுக்கும் ஒரே சட்டியில் தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னான், "சுகமாக இருப்பவையும் குடித்தால் நோய் அண்டாது" என்றான். அப்படியே வைத்தேன். வருத்தக் கோழி சொண்டைவிட்டு எடுத்த தண்ணீரில் மற்றக் கோழிகளும் வந்து குடித்தன. நானே கிட்ட நின்று, குடிக்காதவற்றைப் பிடித்துக் கொண்டுவந்து குடிக்கவைத்தேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

புதன்கிழமை கறுத்தப்பேட்டுக்குக் கழுத்து திரும்பியது. தலை முதுகுப்பக்கம் சுருண்டு, கண் வானத்தைப் பார்த்தபடி, பின்னாலே பின்னாலே நடந்து கூட்டுச் சுவரில் முட்டியது. கையில் எடுத்து நேராகப் பிடித்தால் ஒரு கணம் நிற்கும், விட்டவுடன் மறுபடி சுருளும். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. காணொளி எடுத்து அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

நான்காம் முறை அழைத்த பின்தான் எடுத்தான். "முதலில் நோய் வெளியே வரும் அக்கா, மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்." அன்றிரவு கறுத்தப்பேடு செத்தது. வியாழக்கிழமை பதினேழாகிவிட்டது. இப்போது அவன் வேறு கதை சொன்னான். "உங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, கொதிக்கவைத்து ஆற்றித்தானே கொடுத்திருக்க வேண்டும்?" அப்படியொரு வார்த்தை அவன் முன்பு சொல்லவே இல்லை. அடுத்த அழைப்பை ஒரு பெண் எடுத்தார், "ஐயா கொழும்புக்குப் போய்விட்டார்" என்றார். அதற்கடுத்து ஒரு செய்தி வந்தது. கோழிகளுக்கு உடம்பில் சத்துப் போதாதாம், 4,200 ரூபாய்க்கு இன்னொரு பொதி எடுக்க வேண்டுமாம். பதினேழு கோழி செத்துக் கிடக்கும் வீட்டுக்கு இன்னொரு பொதி விற்கப் பார்த்தார்கள்!

காசைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதினேன். "மூடி திறக்காத போத்தலுக்கு மட்டும்தான் காசு திரும்பக் கொடுப்போம்" என்று பதில் வந்தது. மூடியைத் திறக்காமல் மருந்தை எப்படிக் கொடுப்பது? கேட்டேன். அத்தோடு என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார்கள். பக்கத்தின் கீழே நான் எழுதியதும் அரை மணி நேரத்தில் காணாமல் போனது. அங்கே "என் கோழி பிழைத்தது" என்று நன்றி சொன்னவர்களின் படங்களை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். எல்லாம் பண்ணையில் அடைத்து வளர்க்கும் வெள்ளைக் கோழிகள். ஊர்க்கோழி ஒன்றுகூட இல்லை. 14,750 ரூபாய் அனுப்புவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியது அது.

வங்கியில் கேட்டேன். "நீங்களே விரும்பி அனுப்பிய காசு, நாங்கள் என்ன செய்ய?" என்றார்கள். பொதி கொண்டுவந்த நிறுவனம், கொடுப்பது மட்டும்தான் தங்கள் வேலை என்றது.

வெள்ளிக்கிழமை விடிய ஒரு போத்தலின் ஒட்டுத்தாளை நகத்தால் உரித்தேன். மூலையில் இலேசாக மேலெழுந்திருந்தது. பச்சை இலைப் படம் போட்ட தாள் உரிந்து வர, அடியில் இன்னொரு தாள் இருந்தது. சமையலுக்குப் பாவிக்கும் வினாகிரி. காலாவதித் திகதியும் கடந்திருந்தது. மூடியைத் திறந்து மணந்தேன். வினாகிரி, மஞ்சள், கொஞ்சம் உள்ளி. தூளை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், மஞ்சளும் தவிடும். என் வீட்டுக் குசினியில் நூறு ரூபாய்க்குள் முடிகிற சாமான். நான் கொடுத்தது 14,750 ரூபாய்.

அன்றைக்கே முதல் பஸ்ஸில் கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு உத்தியோகத்தர் மத்தியானத்துக்கு முன் வீட்டுக்கு வந்தார். பார்த்தவுடனே "நியூகாசில்" என்றார். 1926இல் இங்கிலாந்தில் நியூகாசில் நகரப் பக்கம் கண்டுபிடித்ததால் அந்தப் பெயராம், இந்தியாவில் ராணிக்கெட் என்கிறார்களாம், வெள்ளைக் கழிச்சல் என்பதும் இதைத்தான். வைரஸ் நோய். நூறு ஆண்டாக உலகம் முழுவதும் கோழியைக் கொல்கிறது, வந்த பிறகு குணப்படுத்த இன்றைக்கும் மருந்து இல்லை. வருமுன் தடுக்கத் தடுப்புமருந்து இருக்கிறது, கண்ணில் ஒரு துளி. "முதல் கோழி தூங்கியபோதே வந்திருந்தால், பிரித்து அடைத்து, நோய் தொடாதவற்றில் கொஞ்சத்தையாவது காப்பாற்றியிருக்கலாம் அம்மா" என்றார். ஒரே சட்டியில் குடிக்கவைத்ததைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் சட்டியைக் கவிழ்த்து வெயிலில் வைத்தார்.

எனக்கு வலிப்பது அங்கேதான். 14,750 ரூபாயை எப்படியாவது உழைத்துவிடலாம். ஒரு வெள்ளியிலிருந்து மறு வெள்ளி வரை அவன் என்னை அலுவலகத்துக்குப் போகவிடாமல் மறித்து வைத்தானே, அந்த ஏழு நாளை யாரிடம் கேட்பது? அம்மாவும் இந்த வருத்தத்துக்கு மிளகும் சீரகமும் கீழ்காய்நெல்லியும் அரைத்து உருட்டிக் கொடுத்திருக்கிறார். ஆனால் கொடுத்துவிட்டு, "பிழைத்தால் பிழைக்கட்டும்" என்றுதான் சொல்வார். மூன்று நாளில் எழும்பும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஊராருக்குக் கொடுத்தபோதும் ஒரு சதம் வாங்கியதில்லை. அந்தக் கைவைத்தியத்தின் பெயரைத் திருடித்தான் இவன் தொழில் நடத்துகிறான். என் கோபம் மூலிகை மேல் இல்லை.

விரிவாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். இப்போது மனம் நிலைகொள்ளவில்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். கோழி தூங்கினால் அந்த நிமிடமே பிரித்து அடையுங்கள், தண்ணீர்ச் சட்டி வேறு, தீன்சட்டி வேறு. சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு கிழமையாவது தனியே வைத்திருந்து பார்த்துவிட்டு மற்றக் கோழிகளோடு சேர்த்துவிடுங்கள். செத்ததைப் பற்றைக்குள் எறியாதீர்கள், நாய் இழுத்துக்கொண்டு ஊர் முழுக்கத் திரியும். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வருத்தக் கோழியை அவசரத்தில் விற்கவும் வேண்டாம், மாமி வாங்கிவந்ததும் யாரோ அப்படி விற்றதுதான் என்று நினைக்கிறேன். அம்மைக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும், பேனுக்குச் சாம்பல், இவை போதும், காசு கொடுத்து வாங்க ஒன்றுமில்லை. குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தால் அது வேறு நோய், அதற்கு மருந்து இருக்கிறது, உமியை மாற்றிக் கூட்டைக் காயவைத்துவிட்டு உடனே அலுவலகத்துக்குப் போங்கள். "வைத்தியரிடம் போகாதே" என்று எவன் சொன்னாலும் தொலைபேசியை அந்த இடத்திலேயே வையுங்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். ஒட்டுத்தாள் உரித்த போத்தலையும் வங்கித் துண்டையும் நான் எடுத்து வைத்திருக்கிறேன், நீங்களும் எதையும் எறியாதீர்கள்.

தடுப்புமருந்துப் போத்தலைத் திறந்தால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும், ஒரு போத்தல் நூறு கோழிக்கு மேல் வருமாம். ஒரு வீட்டுக்காகத் திறந்தால் மிச்சமெல்லாம் வீண். அதனால் எங்கள் ஒழுங்கையில், இன்னும் வருத்தம் தொடாத எட்டு வீட்டுக் கோழிகளையும் சேர்த்துக் கணக்குக் கொடுத்திருக்கிறோம். பின்னேரம் நாலு மணிக்கு உத்தியோகத்தர் வருகிறார். மிஞ்சியிருக்கும் என் ஆறையும் பார்த்துவிட்டுத்தான் போடலாமா என்று சொல்வாராம். மாமி கடகத்தோடு வாசலில் வந்து நிற்கிறார், கோழிகளைப் பிடித்து அடைக்கப் போகவேண்டும்.